கிளை ஏறிய காட்டுப்பன்றி

ஒரு காட்டில் ஒரு கம்பெனி இருந்தது. சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. காட்டில் சிங்கம் இருக்கலாம், புலி இருக்கலாம், கம்பெனி மட்டும் இருக்கக் கூடாதா? இருந்தது. மருதமரத்து நீர்க் கம்பெனி என்று அதற்குப் பெயர்.

கோடை வந்தால் அந்தக் காட்டு ஆறு வற்றி வெறும் மணலாகிவிடும். மணலைத் தோண்டினால் ஊற்று வரும். அப்படித் தோண்டிக் காட்டுக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பதுதான் கம்பெனியின் வேலை. இந்த ஒரு வேலைக்கு முந்நூற்றுப் பத்துப் பேர் இருந்தார்கள். தண்ணீர் குடிக்க வருபவர்களை வரிசையில் நிறுத்தக் குரங்குகள் நாற்பது. அந்தக் குரங்குகளை வரிசையில் நிறுத்த இன்னும் நாற்பது குரங்குகள். யார் எத்தனை மடக்குக் குடித்தார்கள் என்று பார்க்க அணில்கள். அணில்கள் சரியாகப் பார்க்கின்றனவா என்று பார்க்கக் கீரிகள். அறிவிப்புச் சொல்ல ஒரு மைனா. எல்லாருக்கும் மேலே மேலாளர். அவர் ஒரு கருங்குரங்கு, பெயர் நெட்டைவாலர். விழா என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

சரி, ஊற்றைத் தோண்டுவது யார் என்று கேட்கிறீர்களா? அதற்கு ஒரே ஒருவன்தான். கோரையன் என்ற காட்டுப்பன்றி.

கோரையன் விடிந்ததும் ஆற்றுக்கு வருவான். மருதமரத்தின் வேர் எந்தப் பக்கம் போகிறது என்று மோந்து பார்ப்பான். வேர் போகிற பக்கம் தண்ணீர் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். மூக்கை மணலில் புதைத்து ஒரு நெம்பு, இரண்டு நெம்பு. மூன்றாவதில் ஈர மணலின் வாசனை வந்துவிடும். அந்த வாசனை வந்தால் அவனுக்கு உலகமே மறந்துபோகும். முதல் மடக்கை அவனுடைய எட்டுக் குட்டிகளும் குடிக்கும். அவன் மனைவி சேப்பி கரையில் நின்று, "தள்ளாதீங்கடா, எல்லாருக்கும் இருக்கு" என்பாள். கோரையன் மூக்கில் மணலோடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வேறு எதுவும் அவன் கேட்டதில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. மருதமரத்துக்கு ஆறு கிளைகள். யார் நன்றாக வேலை செய்தாலும் அவரை ஒரு கிளை மேலே ஏற்றுவார்கள். யார் தப்பு செய்தாலும் ஒரு கிளை கீழே இறக்குவார்கள். ஆறாம் கிளையில் நெட்டைவாலர் உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் பாதிப் பேர் குரங்கு, மீதிப் பேர் அணில், கீரி, பறவை. அதனால் இந்த வழக்கத்தில் என்ன கோளாறு என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்தக் கோடையின் முதல் தேதியில் மைனா கழுத்தை நீட்டி அறிவித்தாள்: "ஊற்றுப் பணியில் ஒரு குறையும் வைக்காத கோரையன் அவர்கள் இன்று முதல் முதலாம் கிளைக்கு உயர்த்தப்படுகிறார்."

கோரையன் திருதிருவென்று விழித்தான். "நான் பன்றி, ஐயா" என்றான்.

"கம்பெனியில் நாங்கள் அப்படியெல்லாம் பேதம் பார்ப்பதில்லை" என்றார் நெட்டைவாலர் பெருந்தன்மையாக.

இருபத்துநாலு குரங்குகள் சீந்தில் கொடியைத் திரித்து அவன் வயிற்றில் கட்டி, "ஏலேலோ" போட்டு மேலே இழுத்தன. கழுத்தில் கொன்றைப் பூமாலை விழுந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், கோரையனுக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து மண்ணையே பார்த்தவன் முதல் தடவையாகத் தூரத்து மலையைப் பார்த்தான். கீழே சேப்பிக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வருகிற மான்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரர் கிளைக்குப் போயிட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊற்று வேலைக்குப் புது ஆள் எடுத்தார்கள். நேர்முகத் தேர்வுக்கு ஒரு கொக்கு வந்தது. "வேலையில் நிலைத்து நிற்பாயா?" என்று கேட்டார்கள். கொக்கு ஒற்றைக் காலில் அரை நாள் அசையாமல் நின்று காட்டியது. அதைப் பார்த்த நெட்டைவாலருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே வேலை கொடுத்தார்.

மறுநாள் கொக்கார் ஊற்றுக்குள் இறங்கி நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். நாலு நாளில் ஊற்றில் மணல் சரிந்து தண்ணீர் கலங்கியது. எட்டு நாளில் ஒரு கை அளவுதான் மிஞ்சியது.

"தோண்டுங்க, கொக்காரே" என்று முதல் கிளையிலிருந்து கோரையன் கெஞ்சினான்.

"தண்ணீர் வரட்டும், நான் நிற்கிறேன்" என்றார் கொக்கார்.

"நின்றால் வராது. வலது பக்கம் வேர் போகிறது பாருங்கள், அங்கே நெம்புங்கள். வலது பக்கம். உங்களுக்கு வலது, எனக்கு இல்லை."

கொக்கார் காலை மாற்றி நின்றார். அவரால் முடிந்தது அதுதான்.

கோரையன் தொண்டை கிழியக் கத்தியது ஆறாம் கிளை வரை கேட்டது. நெட்டைவாலர் தாவி வந்து, "ஆஹா, பதவிக்கு வந்த எட்டாம் நாளே கீழே இருப்பவர்களை இப்படி வழிநடத்துகிறீர்களே" என்று கட்டிக்கொண்டார். அடுத்த முதல் தேதி வரை காத்திருக்க அவருக்குப் பொறுக்கவில்லை. மைனா அறிவித்தாள். ஏலேலோ கேட்டது. கோரையன் இரண்டாம் கிளைக்குப் போனான்.

பத்தாம் நாள் சேப்பி எட்டுக் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். எட்டும் நாக்கைத் தொங்கப் போட்டிருந்தன.

"என்னங்க, இறங்கி வாங்க" என்றாள் சேப்பி. "கிளையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பிள்ளைங்களுக்குத் தொண்டை வறண்டுபோச்சு. நானே தோண்டலாம்னு போனா, வேலையில் இல்லாதவங்க ஊற்றைத் தொடக் கூடாதுன்னு குரங்குங்க விரட்டுது."

"விண்ணப்பம் போட்டுப் பாரேன்."

"போட்டுட்டேன். மழைக்காலம் முடிஞ்சதும் கூப்பிடுவாங்களாம்."

கோரையன் கீழே எட்டிப் பார்த்தான். குதித்துவிடலாம் என்றால் முதல் கிளையே இரண்டு யானை உயரம். நாலு காலும் போய்விடும். நெட்டைவாலரைக் கூப்பிட்டு, "ஐயா, என்னைக் கீழே இறக்கிவிடுங்கள்" என்று கும்பிட்டான்.

"எப்படி முடியும்? தப்பு செய்தால்தானே இறக்கலாம்? உங்கள் மேல் ஒரு தூசி இல்லையே" என்றார் அவர் வருத்தத்தோடு.

ஓஹோ, தப்பு செய்ய வேண்டும், அவ்வளவுதானே என்று கோரையன் நினைத்தான். பாவம், பிறவியிலிருந்து தப்பு செய்து பழக்கமில்லை. இருந்தாலும் குட்டிகளின் முகத்தை நினைத்து மனதைத் திடப்படுத்திக்கொண்டான்.

அன்று மத்தியானம் அவசரக் கூட்டம். ஊற்று ஏன் வற்றுகிறது என்று ஆளுக்கு ஆள் கையைப் பிசைந்துகொண்டு பேசினார்கள். கோரையன் வேண்டுமென்றே கண்ணை மூடி, வாயைப் பிளந்து, கிளை அதிரக் குறட்டை விட்டான். கூட்டம் அடங்கிவிட்டது. இனி இறக்கிவிடுவார்கள் என்று அவன் காத்திருந்தான்.

"பார்த்தீர்களா?" என்று நெட்டைவாலர் மெல்லிய குரலில் சொன்னார். "நாம் எல்லாரும் பதறுகிறோம். இவர் ஒருவர்தான் பதறவில்லை. இந்த நிதானம் யாருக்கு வரும்?"

மூன்றாம் கிளை.

மறுநாள் நெட்டைவாலரின் முகத்துக்கு நேரே கோரையன் சொன்னான்: "நீர் ஒரு மடையர். வாலைத் தவிர உம்மிடம் நீளமாக ஒன்றுமே கிடையாது."

மைனா இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டாள். நெட்டைவாலரின் உதடு துடித்தது. கோரையன் கண்ணை மூடிக்கொண்டு, இறக்கும் கொடி வயிற்றில் விழும் என்று காத்திருந்தான்.

"பதினோரு வருடம்" என்றார் நெட்டைவாலர் தழுதழுத்த குரலில். "பதினோரு வருடமாக இந்தக் கம்பெனியில் ஒருவர் கூட என்னிடம் மனம் திறந்து பேசியதில்லை."

நான்காம் கிளை.

இனி சொத்தில்தான் கை வைக்க வேண்டும் என்று கோரையன் முடிவு செய்தான். நான்காம் கிளையின் பொந்தில் கம்பெனியின் புகார்க் கட்டு இருந்தது. தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை என்று காட்டு மிருகங்கள் தேக்கிலையில் நகத்தால் கீறி அனுப்பிய புகார்கள் அவை. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. கோரையன் அத்தனையையும் எடுத்து வைத்துக்கொண்டு தின்றான். தேக்கிலை கசக்கும். கண்ணில் நீர் வழிய வழியத் தின்றான். கடைசி இலையில் குட்டிக் குளம்புகளால் எட்டுக் கோடு கிழித்திருந்தது. அதைத் தின்ன அவனுக்கு மனசு வரவில்லை. காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டான்.

சாயங்காலம் கீரிகள் பொந்தைப் பார்த்துவிட்டு ஓடின. நெட்டைவாலர் வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. அப்பாடா என்று கோரையன் நினைத்தான்.

"புகாரே இல்லையா?" என்று நெட்டைவாலர் கேட்டார். "காலையில் இருநூறுக்கு மேல் இருந்ததே. ஒரே நாளில் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டாரா?"

ஐந்தாம் கிளை.

ஐந்தாம் கிளை எவ்வளவு பருமன் தெரியுமா, பிள்ளைகளே? உங்கள் கை மணிக்கட்டு அளவு. குரங்கு உட்கார்ந்தால் ஊஞ்சல். பன்றி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோரையன் மூச்சை இழுத்தால் கிளை ஒரு முறை முனகியது, விட்டால் இன்னொரு முறை முனகியது. நாலு குரங்குகளை இரு பக்கமும் கிளையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு போட்டிருந்தார்கள். அதில் ஒன்றுக்கு அடிக்கடி அரிப்பு எடுத்தது. அரிக்கும்போதெல்லாம் அது கையை விட்டது. கோரையனுக்குத் தும்மலை அடக்கி அடக்கி மூக்கே வீங்கிவிட்டது.

பதினெட்டாம் நாள் மத்தியானம் சேப்பி மறுபடியும் வந்தாள். இந்த முறை குட்டிகள் தள்ளாடித் தள்ளாடி வந்து மரத்தடியிலேயே படுத்துவிட்டன. மான்களெல்லாம் காட்டை விட்டுப் போய்விட்டிருந்தன.

"நாளைக்கு விடிஞ்சதும் இதுங்களை முதலை மடுவுக்குக் கூட்டிப் போறேன்" என்றாள் சேப்பி, மேலே பார்க்காமல்.

"ஐயோ, சேப்பி. அங்கே போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லையே."

"தெரியுங்க. எட்டுல நாலு குட்டியாவது திரும்பும். இங்கேயே இருந்தா ஒண்ணும் மிஞ்சாது."

அழுதால் கிளை ஆடும் என்று கோரையனுக்கு அழவும் பயமாக இருந்தது. எந்த நாலு என்று மனம் கேட்டது. அந்தக் கேள்வியை அவனால் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து நெட்டைவாலர் பல்லெல்லாம் தெரியத் தாவி வந்தார். "கோரையன் அவர்களே, ஒரு நல்ல செய்தி. நாளைக் காலையில் நீங்கள் ஆறாம் கிளைக்கு வருகிறீர்கள். என் பக்கத்திலேயே உட்காரலாம்."

ஆறாம் கிளை சுண்டுவிரல் பருமன். கோரையன் மேலே பார்த்தான், பிறகு கீழே பார்த்தான். கீழே, வெள்ளம் அரித்த கரையில் மருதமரத்தின் வேர்கள் மண்ணைப் பிய்த்துக்கொண்டு பரவிக் கிடந்தன. காலமெல்லாம் மோந்து பார்த்த வேர்கள். உயரத்திலிருந்து பார்க்கும்போது இன்னொரு மரம் தலைகீழாக நடப்பட்டிருப்பது போலத் தெரிந்தது. அந்தப் பன்றி மூளைக்குள் ஏதோ நெம்பியது.

"ஐயா, நம் மரத்துக்கு எத்தனை கிளை?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஆறு. இது கூடத் தெரியாதா?"

"மேலே ஆறு. கீழே?"

"கீழே என்ன இருக்கிறது?"

"நான் தோண்டும்போது பார்த்திருக்கிறேன், ஐயா. மேலே எவ்வளவு மரமோ அவ்வளவு மரம் மண்ணுக்குள்ளும் இருக்கிறது. ஒன்பது வேர். ஒவ்வொன்றும் இந்தக் கிளையை விடப் பத்து மடங்கு பருமன். அங்கே நம் அதிகாரி யார்?"

நெட்டைவாலர் குனிந்து வேர்களைப் பார்த்தார். "அங்கே யாரும் இல்லையே."

"பாதிக் கம்பெனி மேற்பார்வை இல்லாமல் கிடக்கிறது" என்றான் கோரையன்.

நெட்டைவாலருக்குக் குப்பென்று வியர்த்தது. "எத்தனை நாளாக?"

"மரம் முளைத்த நாளிலிருந்து."

"யாராவது விழா எடுத்தார்களா? யாராவது மாலை போட்டார்களா?"

"ஒரு பூ கூடப் போடவில்லை, ஐயா. ஆழம் போகப் போகப் பதவி பெரிது என்று வைத்துவிட்டால், போகத் துணிந்தவர் யாராவது அந்தப் பாரத்தைச் சுமப்பார்கள். ஆறாம் கிளைக்கு எனக்குத் தகுதி இல்லை. மேலிருந்து எல்லாவற்றையும் தாங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த முதல் வேரிலிருந்து நான் தொடங்குகிறேன்."

நெட்டைவாலர் அவன் முன்னங்கால்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். புதுப் பதவி என்றால் புது விழா. நாளை வரை காத்திருக்க அவரால் முடியுமா? அந்த மத்தியானமே மைனா அறிவித்தாள்: "வேர்ப் பிரிவின் முதல் தலைவராகக் கோரையன் அவர்கள் உயர்த்தப்படுகிறார்." சொல்லிவிட்டு, மேலே பார்ப்பதா கீழே பார்ப்பதா என்று தெரியாமல் நடுவில் பார்த்தாள்.

இருபத்துநாலு குரங்குகளும் கொடியைப் பிடித்து ஏலேலோ போட்டு அவனை இறக்கின. நாலு காலும் மணலில் பட்டதும் கோரையனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதான். அங்கே எது ஆடினாலும் பரவாயில்லை.

ஊற்றங்கரையில் காவல் குரங்கு ஒன்று கையை நீட்டித் தடுத்தது. "ஊற்று வேலையில் இல்லாதவர் இங்கே தோண்டக் கூடாது."

"நான் தோண்டவில்லை" என்றான் கோரையன். "என் அலுவலகம் மண்ணுக்குள் இருக்கிறது. அலுவலகத்துக்குப் போகிறேன்."

குரங்கு சட்டென்று ஒதுங்கி வணக்கம் வைத்தது.

கோரையன் மூக்கை மணலில் புதைத்தான். வேர் எந்தப் பக்கம் என்று மோந்தான். ஒரு நெம்பு. இரண்டு. மூன்று. வாசனை வரவில்லை. பதினெட்டு நாளில் ஊற்று கீழே போய்விட்டிருந்தது. கொம்புப் பல் தேய, கழுத்து விண்ணென்று வலிக்க, வேரைப் பிடித்துக்கொண்டே இறங்கினான். வால் மறைந்த பிறகும் மணல் மட்டும் பறந்துகொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் ஈரத்தின் வாசனை வந்தது. அதற்குப் பிறகு அவன் காது இரண்டும் நனைந்தன.

தண்ணீர் குழியிலிருந்து பொங்கி மேலே வந்து கொக்காரின் காலைத் தொட்டது. அவர் குனிந்து பார்த்தார். "வந்துவிட்டது. நான்தான் சொன்னேனே" என்றார்.

சேப்பி குட்டிகளை ஒவ்வொன்றாக மூக்கால் உருட்டிக்கொண்டு வந்தாள். ஒன்று குடித்தது. இரண்டு குடித்தது. கடைசிக் குட்டி நாக்கை நனைத்துவிட்டு அப்படியே கிடந்தது. கோரையன் சேறும் சகதியுமாகக் குழியிலிருந்து எழுந்து வந்து அதன் பக்கத்தில் நின்றான். அது தும்மிவிட்டு, எழுந்து, அண்ணனைத் தள்ளிவிட்டு மறுபடியும் குடித்தது.

"தள்ளாதீங்கடா, எல்லாருக்கும் இருக்கு" என்றாள் சேப்பி.

நடந்ததைக் கம்பெனி எப்படிப் புரிந்துகொண்டது என்று கேட்கிறீர்களா? கொக்கார் வேலைக்கு வந்த பதினெட்டாம் நாள் தண்ணீர் பொங்கியது என்று புரிந்துகொண்டது. அவரை ஒரேயடியாக ஐந்தாம் கிளைக்கு உயர்த்தினார்கள். கொடி கூட வேண்டியிருக்கவில்லை, பறந்து போய் ஒற்றைக் காலில் நின்றுகொண்டார். இன்றும் நிற்கிறார். கிளை முனகவே இல்லை.

நெட்டைவாலருக்கு மட்டும் ஒரு நாள் லேசாகச் சபலம் தட்டியது. குழி ஓரமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"கோரையன் அவர்களே, ஆழம் போகப் போகப் பதவி பெரிது என்று வைத்துவிட்டோம். அந்த ஒன்பதாம் வேர் எப்படி இருக்கும்?"

"இருட்டாக இருக்கும், ஐயா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "அங்கே போனால் நம்மை யாருக்கும் தெரியாது. மைனா அறிவித்தாலும் கேட்காது."

நெட்டைவாலர் வாலைச் சுருட்டிக்கொண்டார். பிறகு, "எனக்குக் கழுத்தில் கொஞ்சம் பிடிப்பு இருக்கிறது. மேலேயே சௌகரியம்" என்று போய்விட்டார்.

அடுத்த மாதம் முதல் தேதி பிறந்தது. இருபத்துநாலு குரங்குகள் கொன்றை மாலையும் கொடியுமாக ஊற்றங்கரைக்கு வந்தன. குட்டிகள் அதைப் பார்த்ததும் குடிப்பதை நிறுத்திவிட்டன. சேப்பி ஓடி வந்து குழிக்கு முன்னால் குறுக்கே நின்றாள்.

கோரையன் சேற்று முகத்தை வெளியே நீட்டினான். "எதற்கு வந்திருக்கிறீர்கள்?"

"உங்களுக்குப் பதவி உயர்வு."

"எந்தப் பக்கம்?"

"கீழே. இரண்டாம் வேர்."

"அப்படியானால் சரி" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடியும் மணலுக்குள் மூக்கைப் புதைத்தான். மாலையைக் குட்டிகள் தின்றுவிட்டன.

இந்தக் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நீதி: நன்றாக வேலை செய்கிறவனுக்கு மரியாதை செய்ய நினைத்தால், முதலில் அந்த வேலையை அவனிடமிருந்து பிடுங்காமல் இரு.